பர்மிங்காம் பட்டறையில் போன இரண்டு விரல்நுனிகள்

ஹெவி மெட்டல் என்ற ராக் இசை வகையைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாத்தான்தான். கறுப்புச் சட்டை, தலைகீழ்ச் சிலுவை, மேடையில் வௌவாலின் தலையைக் கடித்த பாடகர். அந்த வௌவால் சம்பவம் 1982இல் உண்மையாகவே நடந்தது. அதைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதிவிட்டார்கள். கல்லூரி விடுதியில் யாரோ நகலெடுத்துக் கொடுத்த கேசட்டில் பிளாக் சப்பாத் என்ற ஆங்கில மெட்டல் குழுவை முதன்முதலாகக் கேட்டபோது என்னைக் குடைந்த கேள்வி வேறு. இந்தக் கிடார் ஏன் இவ்வளவு கனமாக ஒலிக்கிறது? நான்கு பேர் வாசிக்கிறார்கள், பெரிய வாத்தியக் குழு எதுவும் இல்லை, வேகமும் இல்லை. ஆனாலும் சுவரை யாரோ நகர்த்துவதுபோல் இருக்கிறது.

இதற்கு விடை தேடிப் போனவனுக்குச் சாத்தான் எங்கும் தென்படவில்லை. ஒரு தகரப் பட்டறையும், ஒரு பிரஸ் இயந்திரமும், பதினேழு வயதுப் பையன் ஒருவனின் வலது கையும்தான் கிடைத்தன.

1965. இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம். பின்னாளில் பிளாக் சப்பாத்தின் கிடார்க்காரரான டோனி அயோமிதான் அந்தப் பையன். அவன் தகரத் தகடுகளை வெல்டிங் செய்யும் வேலையில் இருந்தான். மாலை நேரங்களில் கிடார். ஜெர்மனிக்குப் போகவிருந்த ஒரு இசைக்குழுவில் இடம் கிடைத்துவிட்டது, அதனால் பட்டறைக்கு அன்றே கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அவனுக்கு முன் வரிசையில் தகடுகளை அழுத்திக் கொடுக்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த பிரஸ்ஸில் அவனையே உட்காரவைத்தார்கள். இயந்திரம் கையின் மேல் இறங்கியது. வலி தாங்காமல் அவன் கையை வெடுக்கென்று இழுத்தபோது நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் பிய்த்துக்கொண்டு போயின.

வலது கைதானே, கிடார் வாசிப்பவருக்குத் தந்தியை அழுத்துவது இடது கை அல்லவா என்று கேட்கலாம். அயோமி இடதுகைக்காரர். மீட்டுவது இடது கை, அழுத்துவது வலது கை. இழக்கவே கூடாத கையைத்தான் இழந்தார். பேசாமல் வலதுகைக்காரராக மாறிப் புதிதாகக் கற்றிருக்கலாமே என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் வாசிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் அதற்கான பொறுமை தன்னிடம் இல்லை என்பதே அவருடைய பதில். எவ்வளவு நல்லது! பொறுமைசாலியாக இருந்திருந்தால் ஊரில் இன்னொரு சுமாரான வலதுகைக் கிடார்க்காரர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

கிடாரை மறந்துவிடு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவனைப் பார்க்கப் பட்டறை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். கேள் என்றார். கேட்கிற மனநிலையே இல்லை என்று பையன் மறுத்தும் விடவில்லை. அது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. கேட்டு முடித்த பிறகுதான், இதை வாசித்தவருக்கு அழுத்தும் கையில் இரண்டு விரல்கள்தான் வேலை செய்யும் என்ற செய்தியை மேலாளர் சொன்னார். ஜாங்கோ பாரிஸில் புகழ்பெற்ற ரோமா இனத்து ஜாஸ் கலைஞர். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பற்றியதில் இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருண்டுவிட்டன. மிச்சமிருந்த இரண்டு விரல்களைக் கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை முழுக் கை உள்ளவர்கள் இன்றும் நகலெடுக்கத் திணறுகிறார்கள். மெட்டல் ரசிகர்கள் யாருக்காவது சிலை வைக்க ஆசைப்பட்டால் அந்த மேலாளருக்கு வைக்கலாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அயோமி ஒரு பாத்திரம் துலக்கும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். ஃபேரி லிக்விட், இங்கிலாந்தில் எந்தச் சமையலறையிலும் இருப்பது. அதை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் இரும்பால் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் சட்டை ஒன்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். பிடித்துக்கொண்டது.

இதைப் படிக்கும்போது கலைஞன் ஒருவனுடைய துயரக் கதையாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தகரத் தொழிலாளி தன் உடம்பில் உடைந்துபோன உதிரிபாகத்துக்கு மாற்று செய்துகொள்கிறான். எந்தப் பொருள் எந்தச் சூட்டில் உருகும், எதை எதனால் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் அவன் கைக்கு ஏற்கெனவே தெரியும். வேறு வேலையில் இருந்த ஒருவனுக்கு இது தோன்றியே இருக்காது.

அந்த உறையோடு வாசிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, என் வீட்டில் கிடக்கும் கிடாரை எடுத்து, நடுவிரலிலும் மோதிரவிரலிலும் தடித்த பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு பார்த்திருக்கிறேன். தந்தி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியவில்லை. தேவைக்கு மேல் அழுத்தினால் சுரம் ஏறிவிடுகிறது, குறைத்தால் தந்தி கரகரக்கிறது. காதால் கேட்டுத்தான் விரலைத் திருத்த வேண்டியிருக்கிறது. விரலில் இருந்த தொடு உணர்வைக் காதுக்கு மாற்றிக்கொண்டு ஒரு மனிதர் அறுபது ஆண்டுகள் வாசித்திருக்கிறார் என்பதை என்னால் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

அடுத்த சிக்கல் தந்தி. அந்தக் காலத்துக் கிடார் தந்திகள் தடிமனானவை, அந்த விரல்களால் வளைக்க முடியாதவை. மெல்லிய தந்தி கடையில் கிடைக்காது. அயோமி பாஞ்சோ என்ற வேறு வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கி மேல்சுரங்களுக்கு மாட்டினார். தடித்த மற்ற தந்திகளை ஒவ்வொரு இடம் தள்ளிப்போட்டார். தந்தித் தயாரிப்பாளர்களிடம் போய் மெல்லியதாகச் செய்து தாருங்கள் என்றபோது, இதை யார் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னாளில் வேல்ஸில் இருந்த பிக்காட்டோ என்ற நிறுவனம்தான் செய்து கொடுத்தது. இன்று எந்த ஊர் இசைக்கருவிக் கடையிலும் மெல்லிய தந்திக் கட்டு தொங்குகிறது.

சிக்கலான, நான்கு விரல்களையும் விரித்துப் பிடிக்கும் கார்டுகளும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) கைவிட்டுப் போயின. ஆள்காட்டி விரலும் இன்னொரு விரலும் போதும் என்ற அளவில் இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்துப் பிடிக்கும் பவர் கார்டுகளில் அவர் நின்றார். இரண்டே சுரம் என்பதால் ஒலி மெலிந்துவிடக் கூடாதே என்று ஆம்ப்ளிஃபயரைத் திருகினார். அந்த ஆம்ப்ளிஃபயரும் உள்ளூர்ச் சரக்குதான். லிண்டன் லேனி என்ற இளைஞர் 1967இல் பர்மிங்காமில் தொடங்கிய லேனி என்ற சிறு நிறுவனத்துடையது.

குழுவின் மற்ற மூவரும் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். டிரம்ஸ் வாசித்த பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். கீஸர் பட்லர் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர் அயோமிக்காக பேஸுக்கு, அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிடாருக்கு, மாறினார். பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், அந்த வௌவால்காரர், அயோமி படித்த பள்ளியிலேயே ஒரு வகுப்பு கீழே. கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார், கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலையும் பார்த்திருக்கிறார். (இந்த வேலையை எந்த நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் மிகைப்படுத்துகிறார் என்றிருப்பேன்.) திருட்டு வழக்கில் அபராதம் கட்ட முடியாமல் சில வாரம் வின்சன் கிரீன் சிறையில் இருந்தார். அந்த அபராதத்தைக் கட்ட மறுத்த அதே அப்பாதான் பிறகு 250 பவுண்டு கடன் எடுத்து மகனுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தார். சொந்தமாக மைக் செட் வைத்திருந்ததுதான் ஓஸிக்குக் குழுக்களில் இடம் வாங்கித் தந்த பெரிய தகுதி.

1968 டிசம்பரில் அயோமி இவர்களை விட்டு ஜெத்ரோ டல் என்ற பெரிய குழுவில் சேர்ந்து, சில வாரங்களில் திரும்பிவிட்டார். திரும்பும்போது ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: காலை ஒன்பது மணிக்கே ஒத்திகை. பட்டறைக்குப் போவதுபோல் ஒத்திகைக்கு வர வேண்டும் என்பது சட்டம். ராக் இசைக்காரர்கள் நடுப்பகலில் எழுவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு இந்தத் தகவல் தனி மகிழ்ச்சி.

அவர்கள் ஒத்திகை செய்த இடத்துக்கு எதிரே ஒரு திரையரங்கு. அதில் ஓடிய போரிஸ் கார்லாஃப் நடித்த பேய்ப்படத்தின் பெயர்தான் 1969இல் குழுவின் பெயரானது. பயப்படுவதற்காகக் காசு கொடுத்து மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் பயப்படுத்தும் இசைக்கும் ஆள் வருமே என்று யோசித்திருக்கிறார்கள். சாத்தான் உள்ளே நுழைந்த வழி இதுதான். கடைக்காரர் யோசனை.

அதே பெயரில் அவர்கள் செய்த பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் செவ்வாய்க் கிரகப் பகுதியை பேஸில் தட்டிக்கொண்டிருக்க, அயோமிக்கு அதிலிருந்து ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வரும் சிறு கிடார் மெட்டு, பிறந்தது. மூன்றே சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் ஆதார சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்தியமம். அந்தப் பிரதி மத்தியமத்தில் விரலை நடுங்கவிட்டுக் காத்திருப்பார். ஐரோப்பிய இசை மரபில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இடைக்காலத் திருச்சபை இதைத் தடையே செய்தது என்று ரசிகர்கள் சொல்லும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. கல்யாணியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் மிரள என்ன இருக்கிறது? எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி பிரதி மத்தியமம்தான். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு நானும் மிரண்டேன். பயம் சுரத்தில் இல்லை, விட்ட இடத்தில் இருக்கிறது. கல்யாணியில் பிரதி மத்தியமம் பஞ்சமத்தின் மேல் போய் இளைப்பாறும். அயோமி அதைப் பஞ்சமத்துக்கு அனுப்புவதே இல்லை. நடுவழியில் நிறுத்திவிட்டு, திரும்பவும் சட்ஜத்திலிருந்து தொடங்குகிறார். பின்னால் வார்ட் டிரம்ஸில் அவசரமே காட்டாமல் இருக்கிறார். முதல் ஆல்பத்தின் மழையும் இடியும் கோயில் மணியும் தயாரிப்பாளர் பிறகு ஒட்டியவை. அவை இல்லாமலும் அந்த ரிஃப் அதே வேலையைச் செய்திருக்கும் என்பது என் கட்சி.

அந்த ஆல்பத்தை 1969 அக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஏறக்குறைய முழுவதுமாக ஒரே நாளில் பதிந்தார்கள். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். செலவு சுமார் 600 பவுண்டு. மேடையில் வாசிப்பதுபோல் வாசித்தார்கள், முடித்தார்கள், ஐரோப்பாவில் ஒத்துக்கொண்ட கச்சேரிகளுக்கு வண்டியேறினார்கள். நடுவில் அயோமியின் ஃபெண்டர் கிடாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பழுதாகிவிட்டது. மாற்றாகக் கொண்டுபோயிருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். அது வந்த கதையும் நன்றாக இருக்கும். வலதுகைக் கிடாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்த அயோமி, இடதுகைக் கிடாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்த வலதுகைக்காரர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஒரு கார் நிறுத்துமிடத்தில் சந்தித்து மாற்றிக்கொண்டார்கள். அன்று முதல் எஸ்ஜி அவர் கையோடு ஒட்டிவிட்டது.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பாங்ஸ், இது கிரீம் குழுவின் மட்டமான நகல் என்ற ரீதியில் கிழித்தார். வாங்கியவர்கள் விமர்சனத்தைப் படிக்கவில்லைபோலும். ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாம் ஆல்பமான பாரனாய்டு முதலிடம் பிடித்தது. அதன் தலைப்புப் பாட்டு, ஆல்பத்தில் நேரம் குறைகிறது என்று கடைசியில் அவசரமாகச் சேர்த்த நிரப்பல்.

இங்கே ஒரு பரவலான கதையைத் திருத்தியாக வேண்டும். விரல் போனதால் அயோமி தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார், அதனால் மெட்டல் பிறந்தது என்று எல்லா இடத்திலும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறார்கள். முதல் ஆல்பத்தை எடுத்துக் கேளுங்கள், கிடார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. அந்த மூன்று சுரப் பாட்டின் இருள் எல்லாம் வழக்கமான சுருதியிலேயே வந்தது. விபத்து நடந்தது 1965இல். சுருதி பெரிதாக இறங்கியது 1971இல், மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி என்ற மூன்றாம் ஆல்பத்தில். அதில் சில பாடல்களுக்குக் கிடாரை மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறைவு என்பது உண்மை, ஆனால் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை விழுங்கிவிட்டு அதைச் சொல்லக் கூடாது. உறை, பாஞ்சோ தந்தி, இரண்டு சுரக் கார்டு, ஆம்ப்ளிஃபயர், கடைசியாகச் சுருதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பார்த்துக் கட்டிய ஒலி இது. பட்லரும் பேஸை அதே அளவுக்கு இறக்கி, ரிஃப்பின் நிழலாகவே கூடப் போனதால்தான் அந்தக் கனம் முழுமையானது.

இன்னொரு அழகான கதையும் உண்டு. பர்மிங்காமின் உலைக்கூடங்களில் சம்மட்டி விழும் ஓசைதான் மெட்டலாக மாறியது என்பது அது. குழுவினரே அப்படிப் பேசியிருக்கிறார்கள். பக்கத்து வால்சாலில் வளர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டும் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த உலைகளைப் பற்றிச் சொல்லுவார். அவர்களுடைய 1980ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு பிரிட்டிஷ் ஸ்டீல் என்றே பெயர். ஆனால் அதில் வரும் உலோகச் சத்தத்துக்கு அவர்கள் குலுக்கியது கரண்டி, முள்கரண்டி நிறைந்த ஒரு தட்டு! சம்மட்டிக் கதையை நான் முழுதாக நம்பாததற்குக் காரணம் ஷெஃபீல்டு. அதுவும் எஃகு நகரம்தான், அங்கேயும் இரவெல்லாம் சம்மட்டி விழுந்தது. அதைக் கேட்டு வளர்ந்த கபரே வால்டேர், ஹியூமன் லீக் போன்றவர்கள் எலக்ட்ரானிக் இசைக்குப் போனார்கள். அவர்களும் அதே சம்மட்டியைத்தான் காரணம் காட்டுகிறார்கள். ஒரே ஓசை இரண்டு ஊரில் இரண்டு இசையைக் கொடுக்குமென்றால், வித்தியாசத்தை ஓசையில் தேடிப் பயனில்லை. கைகளில்தான் தேட வேண்டும்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. போதை, சண்டை, 1979இல் ஓஸியை வெளியேற்றியது, அவருக்குப் பதில் பாட ரோனி ஜேம்ஸ் டியோ வந்தது, போனது, திரும்ப வந்தது. இவற்றைத் தாண்டிவிடுகிறேன். 2012இல் அயோமிக்கு லிம்ஃபோமா புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே அவர் ரிஃப் எழுதினார். 2013இல் வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவிலும் அவர்களை முதன்முதலாக முதலிடத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் ஒப்பந்தத் தகராறில் பில் வார்ட் அதில் இல்லை, 2017இல் பர்மிங்காமில் நடந்த விடைபெறும் கச்சேரியிலும் இல்லை. இரண்டுமே எனக்கு அரைகுறையாகத்தான் பட்டன. வார்டுடைய டிரம்ஸ் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே வரும். அந்தப் பின்தங்கலை வேறு யாராலும் வாசிக்க முடியவில்லை.

அந்தக் குறை 2025 ஜூலை 5 அன்று தீர்ந்தது. ஆஸ்டனில் வில்லா பார்க் கால்பந்து மைதானம். ஓஸி வளர்ந்த லாட்ஜ் ரோடு வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சிறுவனாக இருந்தபோது ஆட்டம் பார்க்க வருபவர்களின் கார்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அதே தெருக்களில் காசு வாங்கியவர் அவர். அன்று மெட்டாலிகா, ஸ்லேயர், கன்ஸ் அன்ட் ரோசஸ் எல்லாம் அவருக்கு முன்னதாக வாசித்தார்கள். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி கறுப்பு அரியணை ஒன்றில் உட்கார்ந்து பாடினார். 2005க்குப் பிறகு முதன்முறையாக நால்வரும் ஒரே மேடையில். நான்கே பாட்டு: வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மேன், பாரனாய்டு. நான் கணினித் திரையில் பார்த்தேன். குரல் அங்கங்கே தடுமாறியது, வார்ட் பின்தங்கினார், 77 வயது அயோமி எப்போதும்போல் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்று வாசித்தார். வருமானம் பார்கின்சன் ஆய்வு அமைப்புக்கும், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஜூலை 22 அன்று ஓஸி இறந்தார். இறுதி ஊர்வலம் பிராட் தெருவில், குழுவின் பெயரையே சூட்டியிருக்கும் பாலத்தருகே நின்று போனது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று அவர் பாடல்களை வாசித்துக்கொண்டு முன்னால் நடந்தது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் வழக்கமாக பாரனாய்டிலிருந்து தொடங்குவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்றாம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான இன்டு த வாய்டை எடுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம், அந்தச் சிறு ஸ்பீக்கருக்கு ஒன்றரைக் கட்டையின் அடித்தளம் கேட்காது. நல்ல ஹெட்போன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, குரல் வரும்வரை கிடாரையும் பேஸையும் மட்டும் கவனியுங்கள். பிடிக்கவில்லையென்றால் இந்த இசை உங்களுக்கானதில்லை, அதில் தவறும் இல்லை. பிடித்துவிட்டால் அடுத்து நான்காம் ஆல்பம்.